பெல்ட்டு தெரியாத சிலுவார்

தர்மராஜ் வந்து நின்றபோது குமுதவல்லி தன் தையல் கடையில் ஒரு பள்ளிக்கூடச் சிலுவாருக்கு, அதாவது கால்சட்டைக்கு, கால் மடித்துக்கொண்டிருந்தாள். பட்டப்பகல். லுக்குட் கடைத்தெரு வெயிலில் காய்ந்து கிடந்தது. இந்த மனுஷன் மோட்டாரை நாலு கடை தள்ளி டயர் கடை ஓரமாக நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். திருட வருகிறவன்கூட இவ்வளவு பம்ம மாட்டான். ஆள் யார் என்று வயிற்றைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. லாபு வட்டாரத்தில் அப்படி ஒரு வயிறு ஒன்றுதான் உண்டு. திருவிழா நோட்டீசில் அது முகத்துக்குச் சமமாக இடம் பிடித்திருக்கும்.

தர்மராஜ், லாபு பக்கத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். அவருடைய அப்பா அதே தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். மகன் தோட்டத்தை விட்டுப் போய், லோரி காண்ட்ராக்ட் எடுத்து, மம்பாவில் மாடி வீடும் கட்டிவிட்டார். ஆனாலும் விடியற்காலையில் ஆள்களை அதட்டிக் கூப்பிடுகிற அந்த மண்டோர்க் குரல் மட்டும் குடும்பச் சொத்தாக வந்து சேர்ந்திருந்தது. மைக் இல்லாமலே பேசக்கூடியவர். மைக் இருந்தால் விடவே மாட்டார்.

இவர்தான் முந்தின வருஷம் கடல் தாண்டி, முன்னோர்களின் ஊர்ப்பக்கம் கோயில் சுற்றுலா போய் வந்தவர். அங்கே ஏதோ ஒரு பெரிய கோயில் வாசலில் தோல் பொருள்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பலகையைப் பார்த்திருக்கிறார். கோபுரத்தைப் பார்த்தாரோ இல்லையோ, பலகையை நாலு கோணத்தில் படம் பிடித்துக்கொண்டார். வந்த சூட்டோடு தோட்டத்துக் கோயில் வாசலிலும் ஒரு பலகை முளைத்தது. பக்கத்திலேயே ஆணி அடித்த ஒரு மரச்சட்டம். ஆம்பளைகள் பெல்ட்டைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இதில் ஒரு கூத்து உண்டு. வேட்டி கட்டினால் தோட்டத்தான் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, நிர்வாகக் குழுவுக்கு அவர் ஏற்கெனவே ஓர் உடுப்பு வைத்திருந்தார். கறுப்புச் சிலுவார், உள்ளே விட்ட பாத்திக் சட்டை, நெஞ்சில் ஒரு பேட்ஜ். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு பெல்ட்டு இல்லாமல் நின்றால் எந்தச் சிலுவார் நிற்கும்? அந்த வருஷத் திருவிழாவில் குழுவினர் ஒரு கையால் தேர் வடத்தையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்துப் பொம்பளைகள் வாய்க்குள் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்குச் சட்டத்தில் மாட்டிய பெல்ட்டுகளில் பாதியை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

விஷயம் பெல்ட்டோடு நின்றிருந்தால் குமுதவல்லியும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் பலகை உறுமியின் மேலும் பாய்ந்தது. அவள் புருஷன் ஷங்கர் பகலில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன்; கோயில் உறுமி அவன் அப்பா காலத்திலிருந்தே அவர்கள் வீட்டுக் கையில் இருந்தது. அந்தத் திருவிழாவில் யாரோ ஒரு ஒய்.பி., சட்டமன்ற உறுப்பினர், வந்து பேசினார். அவர் பேசும்போது உறுமி நிற்கவில்லை. சாமி வந்து ஆடுகிறவர்களை நடுவில் அப்படியே விட முடியாது என்று ஷங்கர் சொல்லிவிட்டான். அந்தச் சத்தத்தில் தலைவருடைய வரவேற்புரையும் அமுங்கிப்போனது. ஒய்.பி. மன்னித்துவிட்டார், தலைவர் மன்னிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அவருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. உறுமியும் தோல்தானே?

அன்றோடு உறுமி வாசலுக்கு வெளியே என்று ஆனது. உள்ளே பூசைக்கு பென்டிரைவில் மேளம். ஸ்பீக்கரில் அடைத்து வைத்த மேளத்துக்குத் தீட்டு இல்லையாம். ஷங்கர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. உறுமியைச் சுவரில் மாட்டி மேலே ஒரு பழைய போர்வையைப் போர்த்தினான். அதற்குப் பிறகு வீட்டில் அவன் பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிடுவான், லோரி எடுப்பான், படுப்பான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது விரல்கள் மட்டும் தொடையைத் தட்டும். அவள் பார்ப்பது தெரிந்தால் அதையும் நிறுத்திவிடுவான். அதைப் பார்க்கப் பார்க்கக் குமுதவல்லிக்கு வயிறு எரியும். அந்த மண்டோர் மகனை ஒரு நாளைக்கு நாலு கேள்வி கேட்காமல் சாகக்கூடாது என்று இருந்தாள்.

அந்த மண்டோர் மகன்தான் இப்போது திரைக்குப் பின்னால் நின்று ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேறு தையல்காரர்களே கிடைக்கவில்லையா என்றால், கிடைப்பார்கள். ஆனால் சிரம்பான் டவுனில் ஒரு தையல்காரரிடம் சொன்னது மாலைக்குள் லாபுவுக்கு வந்துவிடும். குமுதவல்லிக்கு வாய் நீளம்தான்; ஆனால் கடைக்கு வருகிறவர்களின் உடம்பைப் பற்றி மட்டும் வெளியே மூச்சு விடமாட்டாள். யாருக்கு ஒரு தோள் இறக்கம், யார் இடுப்பு எத்தனை வருஷமாக அவர் சொல்லும் அளவு இல்லை என்பதெல்லாம் அவளோடு போகும். அது ஊருக்குத் தெரியும்.

"ஒரு சிலுவார் தைக்கணும் தங்கச்சி," என்றார் தலைவர். "பெல்ட்டு இருக்கணும். ஆனா இருக்கிறது தெரியக்கூடாது."

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அவர் இரண்டு முறை தலைவர் பதவிக்கு நின்று தோற்றவர். அதற்குப் பிறகு ஒரு விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கலில் ஒரு தோல் பெல்ட்டு விழுந்தது. முன்னால் தங்க முலாம் பூசிய சிங்க முகம். அதைக் கட்டிக்கொண்டு போன முதல் கூட்டத்திலேயே தலைவராகிவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சிங்கம் இல்லாமல் அவர் ஒரு தேர்தலையும் பார்த்ததில்லை. ஆண்டுக் கூட்டம் எப்போதும் தோட்டத்துக் கிளப்பில் நடக்கும். அங்கே யார் இடுப்பில் என்ன இருந்தால் யாருக்கு என்ன? இந்த வருஷம் கிளப்பை இடித்துவிட்டார்கள். கூட்டம் கோயில் மண்டபத்தில், அவர் வைத்த பலகைக்கு உள்ளே.

நைலான் பெல்ட்டு கட்டிக்கொள்ளலாமே என்று குமுதவல்லி கேட்டதற்கு அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். நைலானுக்கு ராசி உண்டா? சரி, ஆத்தா சந்நிதிக்கே தோலை ஒளித்துக்கொண்டு போகிறீர்களே என்று கேட்டாள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"ஆத்தாளுக்கு என்னயத் தெரியும்லா. ஊருக்குத்தான் தெரியக்கூடாது."

குமுதவல்லி அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இதை விட்டால் வேறு நாள் வராது என்று மனசு சொன்னது. கூலி வேண்டாம், உறுமியை உள்ளே விடுங்கள், அதுதான் கூலி என்றாள். தலைவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அது ஒரு விஷயமா, தலைவராக வந்ததும் முதல் வேலை அதுதான், நானே அறிவிக்கிறேன், ஷங்கர் என் தம்பி மாதிரி என்றார். மூலையில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்த மயிலம்மாள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள். கடைக்குக் காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும் வருகிறவள் அவள். புருஷன் இல்லாதவள், அதே தோட்டத்தில் பிறந்தவள், குமுதவல்லிக்கு அக்கா முறை. தலைவர் அவளை ஓர் ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

வேலையில் இறங்கியதும் குமுதவல்லிக்குத் தலைவர் மறந்துபோனார். இது நிஜமாகவே மூளையைத் தின்கிற வேலை. சிலுவார் இடுப்புப் பட்டை என்பது இரண்டு துணிக்கு நடுவில் விறைப்புக் கேன்வாஸ் வைத்துத் தைப்பது. அந்தக் கேன்வாஸை எடுத்துவிட்டு, பட்டையைச் சுரங்கம் மாதிரி ஆக்கி, பெல்ட்டையே கேன்வாஸாக உள்ளே ஓட்டினால் என்ன என்று தோன்றியது. முதலில் தைத்துப் பார்த்ததில் இடுப்பைச் சுற்றி மோட்டார் டயர் மாட்டியது போல் இருந்தது. பிரித்தாள். உள்பக்கத்துக்குக் குடைத்துணி மாதிரி மெல்லிய லைனிங் போட்டாள். உப்பல் அடங்கியது.

அடுத்த வம்பு அந்தச் சிங்கம். எங்கே வைத்தாலும் பட்டைக்குள்ளிருந்து முட்டிக்கொண்டு நின்றது. முன்னால் வைத்தால் தொப்புள் வீங்கினது போல் இருந்தது. பின்னால் வைத்தால் தலைவர் நாற்காலியில் சாய முடியாது. இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்துக் கடைசியில் இடது இடுப்புக்குக் கொண்டுபோனாள். அங்கே ஏற்கெனவே பை இருக்கிறது, கொஞ்சம் உப்பினாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். பையின் உள்பக்கத்தில் ஒரு வாய் திறந்து விட்டாள். பைக்குள் கை விட்டால் பெல்ட்டை இறுக்கலாம், தளர்த்தலாம். பார்க்கிறவர்களுக்குக் கைக்குட்டை தேடுகிற மாதிரி இருக்கும். வெளியே லூப் கிடையாது, தையல் தெரியாது, சாமி சத்தியமாக எதுவும் தெரியாது. உட்காரும்போது தோல் கிரீச்சிட்டதற்குப் பவுடர் தூவினாள். முடித்து மாட்டி வைத்துப் பார்த்தபோது அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

இடையில் ஒருமுறை மட்டும் மனசு உறுத்தியது. ஆத்தா கோயிலுக்குள் ஒளித்துக்கொண்டு போவதற்குத் தைத்துக் கொடுக்கிறோமே என்று. நான் தைக்கிறது துணி, அதுக்குள்ள அவரு எதை ஓட்டினா எனக்கென்ன என்று சொல்லிக்கொண்டாள். உறுமி உள்ளே போகிற நல்ல காரியத்துக்குத்தானே என்றும் சொல்லிக்கொண்டாள். மனசு அடங்கிவிட்டது, அவள் மனசு எப்போதும் வேலை முடிகிற வரைக்கும் அடங்கித்தான் இருக்கும்.

ஆண்டுக் கூட்டத்தில் தலைவரைப் பார்க்க வேண்டுமே. சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டு இல்லாத இடுப்பை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு, மண்டபத்தை மூன்று சுற்று வந்தார். குழுவில் மற்றவர்களெல்லாம் சிலுவாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் சிலை மாதிரி நின்றார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. திரும்பவும் அவரே தலைவர். சிங்கத்தின் ராசிதான் என்று அவர் நினைத்திருப்பார். அந்த வேலையை வேறு யாரும் கேட்கவில்லை என்பதுதான் நிஜம்.

குமுதவல்லி காத்திருந்தாள். தலைவர் தேர் பற்றிப் பேசினார், அன்னதானம் பற்றிப் பேசினார், ஒய்.பி. வரப்போவதைப் பற்றி நெடுநேரம் பேசினார். உறுமி வரவே இல்லை. கடைசியில் அவளே எழுந்து கேட்டாள். அவர் இடது கையைப் பைக்குள் விட்டு எதையோ இறுக்கிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"தோல்னா தோல்தான் தங்கச்சி. ஆத்தா சந்நிதியில ஒரு விரக்கட அளவுத் தோல்கூட இருக்கக்கூடாது. அது நானா இருந்தாலும் சரிதான்," என்று சொல்லி இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினார்.

கைதட்டல் எழுந்தது. குமுதவல்லி தைத்த பட்டையைத் தட்டி, அவள் முகத்துக்கு நேரே சொல்கிறான் பாவி. வாயைத் திறந்தால் ஒரே வார்த்தை, அவர் பைக்குள் கை விட்டுப் பாருங்கள் என்று. ஆனால் அடுத்த கேள்வி யார் தைத்தது என்று வரும். கடைக்கு வருகிறவர்கள் ரகசியத்தைக் காக்கிறவள் என்ற பேரும் போகும். அவள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

வெளியே ஷங்கர் மோட்டாரில் உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் மோட்டாரைக் கிளப்பினான். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு தடவை, இனிமேல் எனக்காக யார்கிட்டயும் போய் நிற்காதே என்றான். அதற்கு அவன் கத்தியிருந்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த வாரம் கடைக்கு ஹெல்மெட்டோடு இன்னோர் ஆள் வந்தார். கோயில் செயலாளர் சுகுமாறன். அவரும் மோட்டாரை டயர் கடை ஓரமாகத்தான் நிறுத்தியிருந்தார். கூட்டம் முழுக்கத் தலைவர் கை பைக்குள்ளேயே இருந்ததையும், உள்ளே ஏதோ டிக் என்று சத்தம் கேட்டதையும் அவர் கவனித்திருந்தார். தலைவர் போட்டிருந்த மாதிரியே ஒன்று வேண்டும், தலைவருக்குத் தெரியக்கூடாது என்றார். தலைவர் என்ன போட்டிருந்தார் என்று குமுதவல்லி அப்பாவியாகக் கேட்டாள். சுகுமாறன் கண்ணடித்தார். அவர் போன பின்னால் பொருளாளர் புவனேஸ்வரன் வந்தார். தலைவருக்கும் செயலாளருக்கும் தெரியக்கூடாது என்றார். அப்புறம் தேர் கமிட்டி, அன்னதானக் கமிட்டி என்று ஒவ்வொருவராக, எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி. டயர் கடைக்காரனே ஒருநாள் வந்து இங்கே என்னக்கா நடக்கிறது என்று கேட்டுவிட்டான்.

ஒருத்தரையும் அவள் திருப்பி அனுப்பவில்லை. கோபத்தில் தைத்தாள். என் புருஷன் உறுமி தீட்டு, உங்கள் இடுப்பெல்லாம் சுத்தமா, கட்டிக்கொண்டு போங்கள் எல்லோரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். மயிலம்மாள் ஒவ்வொன்றுக்கும் கொக்கி வைத்து, நூலைப் பல்லால் கடித்து, மடித்து அடுக்கினாள்.

திருவிழா வந்தது. கரகம் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பியபோது ஷங்கர் உறுமியோடு முன்னால் வந்தான். வரமாட்டேன் என்றுதான் இருந்தான். வாசல் வரைக்குமாவது ஆத்தாளைக் கொண்டுவந்து விட வேண்டாமா என்று மயிலம்மாள் வீடு தேடிப் போய்க் கேட்டதில் எழுந்து வந்தான். மயிலம்மாளுக்கு வருஷா வருஷம் உறுமிச் சத்தத்தில் அருள் வரும். வேப்பிலையும் கையுமாகக் கரகத்துக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள். கோயில் வாசலில் உறுமி நின்றது. பலகைக்கு இந்தப் பக்கம் ஷங்கரும் அவன் ஆட்களும். அந்தப் பக்கம் கறுப்புச் சிலுவாரில் நிர்வாகக் குழு, வரிசையாக, கம்பீரமாக, ஒருத்தர் இடுப்பிலும் பெல்ட்டு இல்லாமல். உள்ளே ஸ்பீக்கரில் பென்டிரைவ் மேளம் அலறியது.

மயிலம்மாள் வாசலைத் தாண்டவில்லை. உடம்பு ஆட ஆரம்பித்தது, முடி அவிழ்ந்தது. தலைவர் ஒய்.பி. பக்கம் திரும்பி ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு, தாயே உள்ளே வா என்று மஞ்சள் தண்ணீரை நீட்டினார். அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"உறுமி தோலுன்னு என் வாசல்ல நிறுத்தி வச்சிருக்கியே. அப்ப என் வீட்டுக்குள்ள இடுப்புல தோல ஒளிச்சுக் கட்டிட்டு நிக்கிறவன் எவன்டா?"

வரிசையில் இருந்த அத்தனை இடது கைகளும் ஒரே நேரத்தில் பைக்குள் பாய்ந்தன. செயலாளர் கை, பொருளாளர் கை, தேர் கை, அன்னதானக் கை. ஒருத்தர் கையை ஒருத்தர் பார்த்தார்கள். ஊர் முழுக்கப் பார்த்தது. பென்டிரைவ் மேளத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள்.

முதலில் உடைந்தவர் சுகுமாறன். தாயே மன்னிச்சிரு என்று அழுதுகொண்டே பைக்குள்ளிருந்து பெல்ட்டைப் பாம்பு மாதிரி உருவி அவள் காலடியில் போட்டார். அதைப் பார்த்துப் புவனேஸ்வரன், அவரைப் பார்த்து மற்றவர்கள். பெல்ட்டை உருவியவர்கள் அப்படியே சிலுவாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பட்டைக்குள் பெல்ட்டு இல்லாவிட்டால் எதுவும் நிற்காது, அவள் அப்படித்தான் தைத்திருந்தாள். தலைவர் மட்டும் பைக்குள் விட்ட கையை எடுக்கவில்லை. மயிலம்மாள் அவர் முன்னால் போய் நின்றாள். உன்னிடம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டாள். அவர் இல்லை தாயே என்றார். அவள் சூடத்தை ஏற்றச் சொன்னாள். அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்றாள்.

பூசாரி தட்டை நீட்டினார். சூடம் திகுதிகுவென்று எரிந்தது. குமுதவல்லி கூட்டத்துக்குள்ளிருந்து தலைவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெல்ட்டை உருவிப் போட்டால் மானம் போகும், ராசியும் போகும். பொய்ச் சத்தியம் செய்தால் கண் போகும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். வியர்வை சிலுவார்ப் பட்டையை நனைத்து ஒட்டவைத்ததில் இடது இடுப்பில் சிங்கத்தின் மூக்கு முட்டிக்கொண்டு தெரிந்தது. தலைவர் சூடத்தைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். பிறகு அப்பா மண்டோரின் குரலை எடுத்தார்.

"ஏய் ஷங்கரு, வெளிய என்னலா வேடிக்க பாக்குற? ஆத்தா உறுமி கேக்குறா, காதுல விழல? உள்ள வந்து அடி."

ஏதோ ஷங்கரே வரமாட்டேன் என்று இத்தனை நாள் அடம் பிடித்தது போல. ஷங்கர் ஒரு கணம் நின்றான். குமுதவல்லிக்கு எங்கே இவன் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவானோ என்று பயமாக இருந்தது. அவன் தலைவரைப் பார்க்கவே இல்லை. ஆத்தாளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வளைந்த குச்சியை உறுமித் தோலில் வைத்து இழுத்துக்கொண்டே பலகையைத் தாண்டி உள்ளே போனான். அந்த உறுமலில் சூடம் தானாக எரிந்து அணைந்தது. சத்தியத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. குமுதவல்லி வாய்விட்டு அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று வெட்கப்படாமல் அழுதாள்.

அன்று மாலை மைக்கில் தலைவர், பாரம்பரிய உறுமி இசைக்குத் தமது நிர்வாகத்தின் அயராத முயற்சியால் மீண்டும் இடம் கிடைத்திருப்பதாக அறிவித்தார். ஒய்.பி. பாராட்டினார். சுகுமாறனும் புவனேஸ்வரனும் கை தட்டவில்லை. அவர்களுக்குக் கை ஓய்வாக இல்லை.

வீட்டில் போர்வை அலமாரிக்குள் போனது. ஷங்கர் பழையபடி வாயாடத் தொடங்கினான். ஒரு நாள் லோரியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்ததாகச் சக ஓட்டுநர்கள் சொன்னார்கள். குமுதவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஆத்தா பேசினதைச் சொன்னாள். நான் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை, ஆத்தாளே இறங்கி வந்து நியாயம் கேட்டாள், ஆத்தா என் பக்கம் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டாள். அந்த வாரமே தலைவர் ஹெல்மெட்டோடு வந்து, பழைய சிலுவாரில் சிங்கம் மூக்கு தெரிந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் கனமான துணியில் ஒன்று தைத்துக் கொடு என்றார். உறுமிதான் உள்ளே போய்விட்டதே, இனி இவரோடு என்ன பகை என்று அவளும் அளவெடுத்துக்கொண்டாள்.

அந்தச் சிலுவாரை மெஷினில் ஏற்றியிருந்த மத்தியானம் அவள் மறுபடியும் கதையை ஆரம்பித்தாள். ஆத்தாளுக்கு எல்லாம் தெரியும் அக்கா, எவன் இடுப்பில் என்ன இருக்கிறது என்பதுவரைக்கும் தெரிந்துதானே கேட்டாள் என்றாள். மயிலம்மாள் கையிலிருந்த கொக்கியை வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு ஆத்தா வரல குமுதா. உறுமி வாசலோட நின்னுப்போச்சி, எங்கருந்து வருவா? வருவா வருவான்னு பாத்தேன். வரல. நான்தான் கேட்டேன்."

இத்தனை பேர் காலில் விழுந்தார்களே, அப்படியென்றால் அது பொய்யா என்று குமுதவல்லி கேட்டாள். மயிலம்மாள் அடுத்த கொக்கிக்கு ஊசியில் நூலைக் கோத்தாள்.

"ஆத்தா வந்திருந்தா அவனுங்களயா மொதல்ல கேட்டிருப்பா? தச்சுக் குடுத்தது யாருன்னுல கேட்டிருப்பா."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். குமுதவல்லிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மெஷினில் தலைவரின் இடுப்புப் பட்டை பாதி தைத்தபடி, வாய் திறந்து கிடந்தது. அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.